புகைக்குழாய்க்குள் மைனா

"கடப்பாரை! கடப்பாரையை எடுத்துக்கிட்டு மேல ஓடு!"

ஏணி உச்சியிலிருந்து புருஷன் பல்லி கத்திய கத்தலில், அந்த வீட்டுச் சுவருக்குப் பறவை வலை கட்ட வந்து கீழே நின்றிருந்த வலைக்காரியின் கையிலிருந்து கயிற்றுச் சுருள் நழுவியது. கல்யாணமான நாளிலிருந்து அவன் குரல் அந்த உயரத்துக்குப் போய் அவள் கேட்டதில்லை.

"என்னங்க ஆச்சு?"

"பாத்ரூம்ல அந்த அக்கா விழுந்து கெடக்கு. ஜன்னல் கண்ணாடியைத் தட்டிப் பாத்துட்டேன், அசைவே இல்ல. ஓடுன்னா ஓடேன்!"

ஓடினாள். பின்கதவு வழியாக நுழைந்து, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். மாடிக் குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "அக்கா! அக்கா!" என்று உள்ளங்கையால் அறைந்தாள். உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. கடப்பாரை முனையைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பினாள். சுவரில் ஆணி அடித்தும் பிடுங்கியும் காய்த்துப்போன கை. இரண்டாவது நெம்பலில் தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது.

வெக்கை முகத்தில் அறைந்தது. சுவரில் மாட்டியிருந்த கேஸ் ஹீட்டருக்குள் நீலமாக எரிய வேண்டிய தீ, மஞ்சளாக நாக்கை நீட்டி எரிந்துகொண்டிருந்தது. அதன் திருகை முறுக்கி அணைத்தாள். வீட்டுக்காரரின் தங்கை தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். தலைமயிரில் சோப்பு நுரை இன்னும் அடங்கவில்லை. உடம்பு ஈரத் துண்டைப் போலத் துவண்டு கிடந்தது.

கொடியில் கிடந்த போர்வையை அவள்மேல் போர்த்தி, அக்குளில் கைகொடுத்து மாடி முற்றத்துக்கு இழுத்து வருவதற்குள் வலைக்காரிக்கே தலை கிறுகிறுத்தது. வெளியே சுவரில் பல்லி குளியலறைக் கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். முழங்கை வரை நனைந்திருந்தார். தங்கையைப் பார்த்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ... ஐயோ, என்னம்மா இது!"

"உக்காராதீங்க சார்! ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க!"

அவர் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எண்ணைத் தேடினார். வலைக்காரியே போனைப் பிடுங்கிப் பேசினாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குத்தான் இருந்தது.

ஏணியில் நின்றபடி பல்லி, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஹீட்டரின் புகைக்குழாய்க்குள் கையை விட்டான். சுள்ளி, வைக்கோல், நூல், பிளாஸ்டிக் தாள் என்று ஒரு கூடைக் குப்பை வெளியே வந்தது. கடைசியில் மூன்று மைனாக் குஞ்சுகள். இறகு முளைக்கத் தொடங்கிய உடம்பு. ஒன்றுகூடக் கத்தவில்லை.

ஆம்புலன்ஸ் ஆட்கள் தங்கையைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது, அவர்களில் ஒருவர் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புகை வெளிய போக வழியில்லாம ரூமுக்குள்ளயே திரும்பியிருக்கு. விஷம் அது."

வீட்டுக்காரர் சட்டென்று திரும்பினார்.

"குழாய்ல கூடு இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

ஏணியிலிருந்து இறங்கி வந்திருந்த பல்லி தலையாட்டினான்.

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலியா? ஹீட்டரைப் போடாதீங்கன்னு ஒரு வார்த்தை?"

பல்லி தன் மனைவியைப் பார்த்தான். வீட்டுக்காரரும் பார்த்தார். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்த தலைகளும் பார்த்தன.

"சொன்னேனே சார்," என்றாள் வலைக்காரி. "அக்காகிட்டதான் சொன்னேன். குஞ்சு பறக்கற வரைக்கும் ஹீட்டரைத் தொடாதீங்கன்னு."

பச்சைப் பொய்.

இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே வாய், ஆக்சிஜன் முகமூடிக்குள் மூடிக் கிடந்தது.

*

காலையில் நடந்தது இதுதான்.

அந்த வீட்டின் மேல்சுவர் வெறும் செங்கல் சுவர் அல்ல. வெயில் உள்ளே இறங்காமலிருக்கத் தெர்மோகோல் பலகை ஒட்டி, அதன்மேல் மெல்லிசாகப் பூச்சுப் பூசியது. தட்டினால் 'டொம் டொம்' என்று உளுத்த மரத்தைப் போல ஒலிக்கும். மரங்கொத்திக்கு வேறென்ன வேண்டும்? கொத்திக் கொத்தித் துளை போட்டது. துளைக்குள் புழு இல்லையென்றதும் அது போய்விட, மைனாக்கள் வந்துவிட்டன. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை. மழைத் தண்ணீர் துளை வழியே இறங்கிச் சுவர் கொப்புளித்தது. வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் அடைத்து, பெயின்ட் அடித்து, மறுபடி அண்ணாந்து பார்த்து அலறினார்.

பறவை கொத்தும் சுவருக்கு வலை கட்டுவது பல்லிக்கும் அவன் மனைவிக்கும் தொழில். எந்தச் சுவரிலும் ஒட்டிக்கொள்வதால் அவனுக்குப் பல்லி என்று பெயர். பல்லி சொன்னால் பலிக்கும் என்பார்கள். இந்தப் பல்லி வாயைத் திறந்தால்தானே! வீட்டுக்காரர்களோடு பேசுவது, சண்டை போடுவது, சமாதானம் செய்வது எல்லாம் அவள் பாடு. அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மேலே ஏறியவன் பார்க்க வேண்டும், கீழே நிற்பவள் சொல்ல வேண்டும். மேலிருந்து அவன் கத்த மாட்டான், கையைத்தான் காட்டுவான். முட்டி மடக்கிக் காட்டினால் துளை காலி, அடைக்கலாம். இரண்டு உள்ளங்கையையும் குழித்துக் காட்டினால் உள்ளே குஞ்சு இருக்கிறது. குஞ்சு இருந்தால் அந்த இடத்தில் வலையை மூட மாட்டார்கள். பறந்த பிறகு வந்து மூடுவார்கள். இதற்காக எத்தனையோ வீடுகளில் வசவு வாங்கியிருக்கிறார்கள்.

அன்றும் அவன் புகைக்குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளங்கையைக் குழித்துக் காட்டினான். அவளும் புரிந்துகொண்டு வாசல் பக்கம் போனாள். வீட்டுக்காரர் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு விஷயம்..."

"விஷயமெல்லாம் இருக்கட்டும். நாளைக்குக் காலைல பெயின்ட்காரங்க வராங்க. ஒரு ஓட்டை மிச்சம் இருக்கக் கூடாது."

"அதைப் பத்திதான் சார் பேசணும்."

"உன்கிட்ட நான் எதுக்கும்மா பேசணும்? நீ கயிறு பிடிக்க வந்தவ. மேஸ்திரி உன் புருஷன்தானே, அவரை வரச் சொல்லு, பேசிக்கறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. கயிறு பிடிக்க வந்தவளா? வலையின் கண் கணக்கைப் போடுவது யார்? முடிச்சுப் போடுவது யார்? ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டு புருஷன் உயிரைக் கையில் வைத்திருப்பது யார்?

'சரி, கேக்க மாட்டேன்னா நானும் சொல்ல மாட்டேன். சாயங்காலம் வலையில ஒரு பக்கம் திறந்து கெடக்கறதைப் பாத்துட்டு நீயே கேப்பே. அப்ப வச்சுக்கறேன்' என்று திரும்பி வந்துவிட்டாள். கோபத்தில் புத்திக்கு எட்டியது வலை மட்டும்தான். ஹீட்டர் எட்டவில்லை. "சொல்லிட்டியா?" என்று பல்லி கண்ணால் கேட்டதற்கு, "உம்" என்று சொல்லிவைத்தாள். வெயில் உச்சிக்கு வந்ததும் இருவரும் சாப்பாட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்து அவன் ஏணியில் ஏறியபோதுதான், குளியலறையின் சொரசொரப்புக் கண்ணாடிக்குப் பின்னால், தரையில், ஆள் கிடப்பது போல ஒரு நிழல் தெரிந்தது.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு வார்த்தை. அதை அவள் விழுங்கிவிட்டாள்.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு ஆடியது. எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்ற வீட்டுக்காரர், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்தார்; மூடியதும் குனிந்தார். ஈரச் சட்டை உடம்பிலேயே காய்ந்துவிட்டது.

வலைக்காரியும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அக்கா பிழைக்க வேண்டும். வேலைக்கு வந்த முதல் நாளே மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, உன் புருஷன் நடக்கவே மாட்டாரா, ஊர்ந்துதான் போவாரா?" என்று சிரித்தவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாணம் வேண்டாமென்று அண்ணனோடு இருந்துவிட்டவள். கண்ணைத் திறக்க வேண்டும்.

திறந்தால்? 'இவளா? என்கிட்ட ஒண்ணும் சொல்லலியே' என்று ஒரு வார்த்தை. அதோடு தீர்ந்தது.

திறக்காவிட்டால் பொய் நிற்கும். ஒரு நொடி மனசு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. அதை நினைத்ததற்காகத் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

"ஏய்," என்றான் பல்லி மெதுவாக. "நெஜமாவே சொன்னியா?"

"சொன்னேன்னு சொல்றேன்ல."

"எப்ப சொன்ன? நான் மேலதானே இருந்தேன். நீ வாசலுக்குப் போன, உடனே திரும்பிட்ட. அந்த அக்கா கீழ வரவே இல்லியே."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. பத்து வார்த்தை பேசுவதற்குள் ஒரு நாளைக் கடத்துகிறவன் இப்போது கேட்டதே அதிகம்.

பூட்ஸ் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் ஒரு பெண். தூங்காத கண், இறுக்கக் கட்டிய கொண்டை. பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

"வலை கட்டறவங்க யாரு?"

இருவரும் எழுந்தார்கள்.

"உக்காருங்க. ஹீட்டர் எப்படி எரியும்? யாராவது போய்ப் பத்த வைக்கணுமா?"

வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "இல்லீங்க மேடம். வெந்நீர்க் குழாயைத் திறந்தா தானா பத்திக்கும். குளிக்கப் போனவ திறந்திருப்பா. அவளுக்கென்ன தெரியும் குழாய்ல கூடு இருக்குன்னு! இவங்க பாத்திருக்காங்க மேடம். பாத்துட்டுச் சோறு தின்னப் போயிட்டாங்க!"

"நான் சொன்னேன்..." என்று ஆரம்பித்தாள் வலைக்காரி.

"இரும்மா, ஒவ்வொருத்தரா." இன்ஸ்பெக்டர் பல்லியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. கூட்டை முதல்ல பாத்தது யாரு?"

"நான்தாங்க."

"வீட்ல சொல்ல வேண்டியது யாரு?"

பல்லி மனைவிக்கு முன்னால் வந்து நின்றான்.

"நான்தாங்க. நான்தான் சொல்லல. மறந்துட்டேன். இவளுக்குக் கூடு இருந்ததே தெரியாது."

வலைக்காரி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தெரியாதா?" இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. "ஆனா அந்தப் பொண்ணுகிட்ட சொன்னதா உங்க சம்சாரம் அங்கேயே எல்லார் முன்னாடியும் சொன்னாங்களாமே. உங்க பொண்டாட்டி பொய் சொல்றாளா, இல்ல நீங்க பொய் சொல்றீங்களா?"

"என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்லியிருப்பா."

"நல்ல ஜோடி! ஒருத்தரை ஒருத்தர் தூக்கி விடறதுக்கு இது சர்க்கஸ் இல்லப்பா. கவனக்குறைவுன்னு ஒரு கேஸ் இருக்கு. உள்ள படுத்திருக்கறவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா கேஸ் வேற மாதிரி திரும்பும். புரியுதா? கான்ஸ்டபிள், இவரை ஜீப்ல உக்கார வைங்க."

பல்லி மறுபேச்சில்லாமல் நடந்தான். எந்த உயரத்திலும் வழுக்காத கால், சமதரையில் ஒரு தடவை தடுமாறியது.

அவ்வளவுதான் அவளால் தாங்க முடிந்தது.

"மேடம்! அவரை விடுங்க. அவர் சரியாத்தான் பாத்தாரு, சரியாத்தான் கையைக் காட்டினாரு. சொல்ல வேண்டியவ நான். நான்..."

கதவு படாரென்று திறந்தது.

"கண்ணு முழிச்சுட்டாங்க!" என்றாள் நர்ஸ். "பேசறாங்க. கூடப் பிறந்தவர் யாரு? முதல்ல நீங்க மட்டும் வாங்க."

வீட்டுக்காரர் ஓடினார் என்று சொல்ல முடியாது. தூக்குமேடைக்குப் போகிறவர் போல நடந்தார். தங்கை எந்தக் கோலத்தில் இருக்கிறாளோ என்ற பயம் போலிருக்கிறது என்று வலைக்காரி நினைத்தாள். அவர் சிவந்த கண்ணோடு வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் உள்ளே போனார்.

கதவு மூடிக்கொண்டது.

வராந்தாவின் கோடியில் பல்லியும் கான்ஸ்டபிளும் நின்றார்கள். வீட்டுக்காரர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார், வலைக்காரியின் பக்கத்திலேயே. காலையில் பேசத் தகுதியில்லாதவளாகத் தெரிந்தவளின் பக்கத்தில். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். திட்டக்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தபோது தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"கான்ஸ்டபிள், அந்த ஆளை விடுங்க." வலைக்காரியின் எதிரில் வந்து நின்றார். "நீ சொன்னது நெஜம்தாம்மா. குழாய்ல குஞ்சு இருக்கு, ஹீட்டரைப் போடாதீங்கன்னு காலைல நீ வந்து சொன்னியாம். அவங்கதான் ஞாபகமறதியா வெந்நீரைத் திறந்துட்டாங்களாம். தன் தப்புதான்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டாங்க. என்னமோ சொல்ல வந்தியே, என்ன?"

வலைக்காரி இன்ஸ்பெக்டரைத் தாண்டி, மூடிய கதவைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லயா? அப்ப வீட்டுக்குப் போங்க. இனிமே ரெண்டு பேரும் ஒரே பொய்யைப் பேசிவச்சுக்கிட்டு வாங்க."

பூட்ஸ் சத்தம் தேய்ந்து மறைந்தது. பல்லி அவளருகே வந்தான். தோளைத் தொடவில்லை. முகத்தையே பார்த்தான். இருபதடி உயரத்திலிருந்து அவள் விரலசைவைப் படிக்கிறவனுக்கு ஒரு கை தூரத்திலிருக்கும் முகத்தைப் படிக்கத் தெரியாதா?

"நீ சொல்லவே இல்ல," என்றான்.

"இல்ல."

"அப்ப அவங்க ஏன் அப்படிச் சொல்லணும்?"

அவளுக்கும் அதுதான் தெரியவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று கிளம்பியிருக்கலாம். கால் நகரவில்லை.

"போய்க் கேளு," என்றான் பல்லி.

*

கட்டிலில் அந்த அக்கா பாதி உடம்பாகத் தெரிந்தாள். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தாள். வலைக்காரியைப் பார்த்ததும், கதவைச் சாத்தச் சொல்லி விரலை அசைத்தாள்.

"உன் புருஷன்தான் என்னைப் பாத்தாராமே. ஊர்ந்து ஊர்ந்து வந்து உசிரைக் காப்பாத்திட்டாரு."

"அக்கா..." வலைக்காரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் உங்ககிட்ட சொல்லவே இல்லக்கா. உங்கண்ணன்மேல இருந்த கோவத்துல வாயை மூடிக்கிட்டேன். பொய் சொன்னேன். நீங்க எதுக்குக்கா என் பொய்க்கு ஆமாம் போட்டீங்க?"

"உனக்காகப் போடல."

சற்று நேரம் மூச்சு வாங்கினாள். பேசினால் வலித்திருக்க வேண்டும், தொண்டையை நீவிக்கொண்டாள்.

"குஞ்சு இருக்குன்னு நீ வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? குளிக்கும்போதெல்லாம் தலைக்கு மேல கத்துதுங்க. நான் எத்தனையோ நாளா பச்சைத் தண்ணியிலதான் குளிக்கறேன். இன்னிக்கும் அதேதான்."

"பச்சைத் தண்ணியா? அப்ப ஹீட்டர் எப்படிக்கா...?"

"குஞ்சு இருந்தா மூட மாட்டோம்னு முதல் நாளே நீ சொன்னியே, அதை வச்சுச் சாப்பிடும்போது அண்ணன்கிட்ட சொன்னேன். புகைக்குழாய்ல குஞ்சு இருக்கு, அதுங்க பறக்கற வரைக்கும் வலையை மூட மாட்டாங்க, பெயின்ட்காரங்களை அப்புறமா வரச் சொல்லுன்னு. அவன் தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டான். நான் கடைக்குக் கிளம்பினவ, தலை பிசுபிசுன்னு இருக்கேன்னு குளிக்க மேல வந்தேன். நான் போயிட்டேன்னுதான் அவன் நெனச்சிருக்கான். மூஞ்சியெல்லாம் சோப்பு, அப்ப ஹீட்டர் குப்புன்னு பத்திக்கிச்சு. ரெண்டு சொம்பு ஊத்திட்டுப் போய்ச் சத்தம் போடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள..."

"நீங்க குழாயைத் திறக்காம அது எப்படிக்கா பத்தும்?"

அவள் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

"கீழ சமையலறைல வெந்நீரைத் திறந்தாலும் மேல அதே ஹீட்டர்தாம்மா எரியும். இப்ப வந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டுப் போறான். புகையில குஞ்சு செத்துடும், நீங்க சாயங்காலத்துக்குள்ள வலையை மூடிடுவீங்கன்னு, அவன்தான் கீழ குழாயைத் திறந்துவிட்டுட்டு நின்னிருக்கான்."